சித்திரப் பலகை வாங்கும் முன்

தறிக்கு வேண்டிய சித்திரத்தைக் கட்டத்தாளில் பென்சிலால் வரைந்து, கட்டம் கட்டமாகச் சிவப்பும் பச்சையும் நிரப்பும் வழக்கம் குறைந்து, பலகை வடிவான கணினியில் பேனாவைக் கொண்டு வரையும் வழக்கம் நம் சங்கங்களிலும் புகுந்து வருகிறது. கடைக்காரர் இதனை டாப்லெட்டு என்பர். பிள்ளைகள் சுருக்கமாக ‘டேப்’ என்பர். இதனை வாங்கலாமா, வாங்குவதாயின் எவ்வகையை வாங்குவது, சங்கத்தின் பொதுப் பணத்தில் வாங்குவது தகுமா என்னும் கேள்விகள் நெசவாளர் கூடுமிடங்களில் எழுவது இயல்பே. இவற்றுக்கு விடை காண இம்மாதப் பாடத்தில் முயல்வோம். பாட்டன் ஓலையில் எழுதிய எழுத்தாணியைப் பேரன் கண்ணாடியின்மேல் பிடிக்கிறான் என்று எண்ணிக்கொண்டால், கருவியைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

முதலில் நம் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். அடையாற்றின் கரையிலுள்ள அனகாபுத்தூர், 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதனுள் சேர்ந்தது. ‘மதராஸ் கைக்குட்டை’ என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட துணியை நைஜீரியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு நெய்து அனுப்பிய ஊர் அது. நைஜீரியாவில் இறக்குமதிக்குத் தடை வந்தபின் அத்தொழில் தளர்ந்தது; தறிகள் பல ஓய்ந்தன. எஞ்சிய நெசவாளருள் சிலர் வாழைநார், சணல், கற்றாழை முதலிய இயற்கை நார்களைப் பருத்தியுடனும் பட்டுடனும் கலந்து நெய்து, புதிய சந்தையைத் தேடிக்கொண்டனர். வாழை ஒரு முறை குலை தள்ளியதும் வெட்டப்படும் மரம். வெட்டிய தண்டு தோட்டத்தில் கிடந்து அழுகுவதே வழக்கம். அதன் மட்டையிலிருந்து நார் எடுக்கலாம் என்றபோது, பயிரிடுவோருக்கும் நெய்வோருக்கும் ஒருங்கே பயன் விளைந்தது.

இதை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. நூல் மாறினால் சித்திரமும் மாறவேண்டும். வாழைநார் பட்டைப்போல் வழுவழுப்பாக ஓடுவதன்று. அதில் நுண்ணிய கொடியும் இலையும் எடுபடா. பட்டையும் கட்டமும் பெரும் பூவும் எடுபடும். கைக்குட்டைத் துணிக்குப் போட்ட கணக்கு அப்படியே இதற்குப் பொருந்தாது. புதுச் சித்திரம் வேண்டும். அதுவும் விரைவில், வாங்குவோர் கேட்கும்போதே வேண்டும். சித்திரக்காரரிடம் கொடுத்துப் பல நாள் காத்திருந்து, அட்டை குத்தி, ஒரு முழம் நெய்து பார்த்து, “கரை சற்றுப் பெரிது” என்று வாங்குவோர் சொன்னால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் நிலையில், சிறு சங்கம் போட்டியில் நிற்பது கடினம். கூலி தறியில் விழுகிறது. லாபமோ சித்திரம் வைத்திருப்பவனிடம் போகிறது. ஆகவே இது வேடிக்கைப் பொருளைப் பற்றிய பேச்சன்று.

எனினும், எல்லா நெசவுக்கும் இக்கருவி வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். கட்டமும் பட்டையும் மட்டுமே நெய்யும் சங்கத்துக்குப் பேனாவும் பலகையும் அநாவசியம். கட்டத்துணியின் சித்திரம் என்பது ஓர் எண் வரிசையே: சிவப்பு 24 இழை, வெள்ளை 4, நீலம் 12, வெள்ளை 4 என்று பாவுக்கு ஒரு வரிசை, ஊடைக்கு ஒரு வரிசை. அதனைச் சாதாரணக் கணினியில் கணக்குத் தாளிலேயே எழுதி நிறம் கொடுத்துப் பார்த்துவிடலாம். புட்டா, கொடி, மயில், முந்தியில் கோபுரம் என்று கையால் வளைத்து வரையவேண்டிய சித்திரம் உள்ள இடத்தில்தான் பேனா பயன்படும். குன்றத்தூர்ப் பக்கத்தில் பட்டு நெய்வோருக்கு அது வேண்டியிருக்கும்; துண்டும் லுங்கியும் நெய்வோருக்கு வேண்டியதில்லை.

தறிக்கும் கணினிக்கும் உறவு இன்று ஏற்பட்டதன்று. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் பாவு இழைகளைத் தூக்கும் பொறியை உருவாக்கினார். துளை இருந்தால் கொக்கி எழும், இல்லையேல் எழாது. இங்கிலாந்தின் பாபேஜ் 1830களில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பை ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டே கணித்தார். நெசவாளன் வீட்டுப் பொருள் ஊர் சுற்றிவிட்டு வேறு உருவில் அவன் வீட்டுக்கே திரும்பி வருகிறது என்று சொல்லலாம்.

சென்னையின் தென்புறத்துக்கும் இது புதிதன்று. ருக்மிணி தேவி அம்மையார் தோற்றுவித்த கலாக்ஷேத்திரத்தில் நடனத்தோடு நெசவும் இடம்பெற்றது. திருவான்மியூரில் தறிகள் ஒலித்தன. 1966ஆம் ஆண்டில் பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணிகளை எழுதி விற்ற வருவாயே அவர்களுக்கு ஆதாரமாயிற்று. சித்திரம் வரையும் கையைத் துணி காப்பாற்றியது. துணியைச் சித்திரம் காப்பாற்றியது.

இனிப் பொருளுக்கு வருவோம். சந்தையில் கிடைப்பவை மூன்று வகை.

முதல் வகை, திரையில்லாத பலகை. மேசைமீது வைத்துப் பேனாவால் இதன்மேல் வரைந்தால், கோடு கணினியின் திரையில் தோன்றும். கையிருப்பது ஓரிடம், கண்ணிருப்பது ஓரிடம். ஜப்பானில் 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வாக்காம் நிறுவனத்தின் பலகைகள் நெடுநாளாகப் பெயர் பெற்றவை. சீனத்து ஹுயியான், எக்ஸ்பி-பென் ஆகியவை விலை குறைந்தவை. சிறு அளவினது ஐந்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே அகப்படும். சங்க அலுவலகத்தில் ஏற்கெனவே கணினி இருந்தால் வேறு செலவில்லை. சிறு அளவில் வரையும் இடம் ஏறக்குறைய 6 அங்குல அகலமும் 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமுமே. நடு அளவில் எட்டரை அங்குலம் இருக்கும். மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைபவருக்குச் சிறிது போதும். முழங்கையை ஓட்டி வரைபவருக்கு நடு அளவே ஏற்றது.

இரண்டாம் வகை, தானே திரையாக உள்ள பலகை. இதுவும் கணினியோடு இணைத்தாலன்றி இயங்காது; ஆனால் பேனாவின் கீழேயே கோடு தோன்றும். விலை கூடுதல், கம்பிகள் பல, மேசையைவிட்டு நகர்த்த இயலாது. சங்கத்தில் சித்திரத்துக்கென்றே ஓர் அறையும் ஓர் ஆளும் உண்டாயின் இதனை எண்ணலாம், மற்றவர்க்கு வேண்டாம்.

மூன்றாம் வகை, தனித்து இயங்கும் பலகைக் கணினி. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட், சாம்சங்கின் டேப் எஸ் வரிசை முதலியன இவ்வகை. கைப்பையில் வைத்துத் தறிவீட்டுக்கே கொண்டுபோய், நெசவாளர் கண்முன்னே கரையை அகட்டியும் குறுக்கியும் காட்டலாம். இந்த ஒரு வசதிக்காகவே சங்கங்கள் பல இதனை விரும்பும் என்று நினைக்கிறோம்.

எதை வாங்குவது என்பதைக் கருவியைப் பார்த்து முடிவு செய்யலாகாது. யார் கை அதனைப் பிடிக்கப் போகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். முப்பது ஆண்டு கட்டத்தாளில் வரைந்து பழகிய பெரியவருக்குத் திரையில்லாத பலகையை வாங்கிக் கொடுத்தால், அவர் ஒரு வாரத்தில் அதனை மூலையில் வைத்துவிடுவார். தம் கை போகுமிடத்தைப் பார்த்தே வரைந்தவர் அவர். இளையோர் சில வாரங்களில் பழகிக்கொள்வர். ஐயாயிரம் ரூபாயை மிச்சப்படுத்துவதாக எண்ணி, சங்கத்தின் சிறந்த கையை இழந்துவிடுவது சிக்கனமாகாது.

பேனாவைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. பலகையின் விலையையும் அதன் பளபளப்பையும் பார்ப்போர், பேனாவைப் பெட்டியோடு வரும் இலவசப் பொருள்போல் கருதிவிடுகின்றனர். தெருக்கடைகளில் நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் முனைப் பேனா, விரலுக்கு மாற்று, அவ்வளவே. அழுத்தி வரைந்தாலும் மெல்ல வரைந்தாலும் அதற்கு ஒன்றே. கையைத் திரைமீது ஊன்றினால் அங்கேயும் கறை விழும். அதனைச் சித்திரத்துக்கு வாங்குவது வீண்.

உண்மையான பேனா, அழுத்தத்தை உணரும். மெல்லத் தொட்டால் மயிரிழைக் கோடு, அழுத்தினால் பருத்த கோடு. இந்த அழுத்தப் படிகள் 2048, 4096, 8192 என்று விளம்பரங்களில் எண்கள் ஏறிக்கொண்டே போகும். இவ்வெண்களின் வேறுபாட்டைக் கை உணர்வது அரிது. அவற்றுக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். மின்காந்த அலையால் இயங்கும் வகையில் பேனாவுக்குள் மின்கலமே இராது. பலகையிலிருந்தே அது சக்தியைப் பெறும். வாக்காம் பலகைகளின் பேனாவும், சாம்சங் டேப் எஸ் வரிசையின் எஸ் பென்னும் இம்முறையின. எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது. ஆனால் அதே நிறுவனத்தின் டேப் ஏ வரிசையில் விலை குறைந்த ஏ-9 போன்றவற்றில் எஸ் பென் வேலை செய்யாது. பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. விளைவோ மலையும் மடுவும்.

ஐபேடுக்கு உரிய ஆப்பிள் பென்சிலைத் தனியே விலை கொடுத்து வாங்கவேண்டும். அது நான்கு வகையாக உள்ளது: 2015இல் வந்தது, 2018இல் வந்தது, 2023இல் வந்த யு.எஸ்.பி.-சி வகை, 2024இல் வந்த ப்ரோ வகை. ஒவ்வொன்றும் எல்லா ஐபேடுகளுக்கும் பொருந்துவதில்லை. இந்நான்கில் யு.எஸ்.பி.-சி வகைக்கு அழுத்தத்தை உணரும் திறன் கிடையாது. விலை குறைந்ததென்று அதனை வாங்கிவிட்டு, தூரிகைபோல் வரையவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. கட்டத்தை ஒவ்வொன்றாக நிரப்பும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். கொடியை நெளித்து ஓட்டும் வேலைக்குப் போதாது. ஆகவே கடைக்குப் போகும்போது பலகையின் முழுப் பெயர், பேனாவின் முழுப் பெயர் இரண்டையும் தாளில் எழுதி எடுத்துச் செல்லுக. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கேட்டு, ரசீதிலும் அப்படியே எழுதி வாங்குக.

திரையின் அளவு 10 அல்லது 11 அங்குலம் இருந்தால் போதும். அதனினும் சிறிதில் கை ஊன்ற இடம் இராது. சில பலகைகளில் மேற்கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே நூலளவு இடைவெளி உண்டு. பேனாவின் முனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் விழுவதுபோல் தோன்றும். சாதாரண ஐபேட் இத்தகையது. ஐபேட் ஏரில் கண்ணாடியும் திரையும் ஒட்டியே இருக்கும். கட்டத்துக்குள் சரியாகப் புள்ளி வைக்கவேண்டிய நம் வேலையில் இது கவனிக்கத்தக்கது. எனினும் படத்தைப் பெருக்கிக்கொண்டு வேலை செய்தால் பழகிவிடும்.

கடையில் நின்று சோதிக்கும் முறையை இங்கே கூறுவோம். விற்பவர் மயிலையும் மலையையும் வரைந்து காட்டுவார். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்கள் ஒரு புள்ளிக் கோலம் போடுங்கள். ஏழு புள்ளியில் சிக்குக் கோலமாயின் மிக நன்று. வளைவு புள்ளியைச் சுற்றி ஒட்டாமலும் விலகாமலும் வருகிறதா, தொடங்கிய இடத்தில் வந்து சேருகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்து, அளவுகோலை வைத்துச் சாய்வான கோடு ஒன்றை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். மட்டமான கருவியில் அக்கோடு நேராக வராமல் அலையலையாக நெளியும். விரைவாக இழுத்தால் இக்குறை தெரியாது. மெதுவாக இழுத்தாலே தெரியும். உள்ளங்கையை முழுவதும் ஊன்றி வரைந்து பாருங்கள். நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்துப் பாருங்கள். நடுவில் சரியாக இருந்து மூலையில் பிசகுவதும் உண்டு. கடையில் வரையக் கொடுக்க மறுத்தால், வேறு கடைக்குச் செல்லுக.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பெருந்தெருவை ஒட்டியே இப்பொருள்கள் விற்கும் கடைகள் உள. மின்சார ரயிலில் ஏறி நகரத்துக்குப் போகத் தயாராயிருப்போர் ரிச்சி தெருவிலும் விசாரிக்கலாம். உதிரி முனை, கம்பி, உறை முதலியன அங்கே மலிவு. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை நமக்கெல்லாம் பழக்கமானதே. அங்கே பழைய தறிச் சாமான் முதல் மீன்தொட்டி வரை கிடைக்கும். ஆனால் பழைய பலகைக் கணினியைச் சங்கப் பணத்தில் அங்கே வாங்கலாகாது. ரசீது இராது, பூட்டு நீக்கப்படாத திருட்டுப் பொருளாகவும் இருக்கக்கூடும், தணிக்கையாளர் கேட்டால் செயலாளர் என்ன விடை சொல்வார்?

வாங்கியபின் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். இதனை அறிந்தால், எவ்வளவு சக்தியுள்ள கருவி வேண்டும் என்பது தானே விளங்கும்.

240 கொக்கி உள்ள ஜக்கார்டுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். கொக்கிக்கு ஓர் இழை எனின், சித்திரத்தின் அகலம் 240 கட்டம். கணினித் திரையில் ஒரு புள்ளி, ஒரு கட்டம். துணியில் அங்குலத்துக்கு 80 பாவு இழை இருந்தால், சித்திரம் 3 அங்குல அகலம் வரும். ஊடை அங்குலத்துக்கு 60 எனவும், சித்திரத்தின் உயரம் 4 அங்குலம் எனவும் கொண்டால், 240 ஊடை; அதாவது 240 அட்டை. புட்டாவுக்குத் தனி ஊடை ஓட்டினால் அதற்கேற்ப அட்டை கூடும். ஆக, படம் 240க்கு 240 புள்ளி. திரையில் சதுரமாகத் தோன்றும் இப்படம், தறியில் 3க்கு 4 என்று நெடுக்காக வரும்.

புதிதாகப் பழகுவோர் இடறும் இடம் இதுவே. 2 அங்குலக் குறுக்களவில் ஒரு வட்டப் புட்டா வேண்டும் என்க. அகலத்துக்கு 80ஐ இரண்டால் பெருக்க 160 கட்டம். உயரத்துக்கு 60ஐ இரண்டால் பெருக்க 120 கட்டம். திரையில் படுத்த முட்டைபோலத் தோன்றும் இதுவே துணியில் வட்டமாகும். கண்ணுக்கு அழகாக 160க்கு 160 என்று வட்டம் போட்டால், துணியில் அது 2 அங்குல அகலமும் 2⅔ அங்குல உயரமுமாக நீண்டு நிற்கும். கட்டத்தாளைத் துணியின் கணக்குக்கேற்ப வாங்கிய பழைய சித்திரக்காரருக்கு இத்தொல்லை இல்லை. திரையின் புள்ளியோ எப்போதும் சதுரம்.

இதற்கு எளிய வழி உண்டு. முதலில் 3க்கு 4 என்ற விகிதத்தில், 1800க்கு 2400 புள்ளி என்று பெரிய தாளைத் திறந்துகொண்டு, கை போனபடி அழகாக வரைக. பின்னர் அதனை 240க்கு 240 ஆகச் சுருக்குக. சுருக்கும்போது நிறங்களைக் கலக்காத முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதன்பின் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, உடைந்த கோட்டைச் சேர்த்து, தனியே நிற்கும் புள்ளியை நீக்கவேண்டும். இவ்விரண்டாம் வேலையில் கோட்டின் ஓரத்தை மழுக்காத, கட்டத்தை முழுதாக நிரப்பும் முனையையே கொள்க. ஓரம் மழுங்கினால், சிவப்புக்கும் ஜரிகைக்கும் இடையே பெயரில்லாத பத்து நிறங்கள் தோன்றிவிடும். அட்டை குத்துபவர் எதைத் துளைப்பார்? நிலம் ஒன்று, பட்டு ஒன்று, ஜரிகை ஒன்று என மூன்றே நிறம் இருக்குமாறு நிறங்களின் எண்ணிக்கையைக் கட்டிவிடுவது நலம்.

ஊடை எத்தனை இழைமேல் மிதக்கலாம், எங்கே கட்டவேண்டும் என்பது பலகைக்குத் தெரியாது. நெசவாளருக்குத் தெரியும். ஆகவே சித்திரம் வரைபவர் தறிக்காரரோடு உட்கார்ந்து கட்டு வைக்கவேண்டும். திரையில் காணும் நிறத்தையும் நம்பலாகாது. அரக்கு என்று திரையில் தோன்றுவது சாயத்தொட்டியில் வேறாக இருக்கும். சாயமிட்ட நூலின் மாதிரி அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிறம் சொல்லுக.

240 புள்ளி சதுரம் என்பது கணினிக்குக் கடுகளவு. ஆதலின், தறிச் சித்திரத்துக்கென்று மிக உயர்ந்த சக்தியும் மிகுந்த நினைவாற்றலும் உள்ள பலகையை வாங்குவது, சைக்கிளில் எடுத்துச் செல்லும் மூட்டைக்கு லாரி வாங்குவதாகும். நடுத்தரமானதே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல பேனாவும், இரண்டு உறை உதிரி முனைகளும், கீழே விழுந்தால் தாங்கும் உறையும் வாங்குக. காகிதம்போல் சொரசொரப்பான மேலொட்டு ஒட்டினால் பேனா வழுக்காது; ஆனால் முனை விரைவில் தேயும். கஞ்சிக் கையோடும் எண்ணெய்க் கையோடும் திரையைத் தொடுவதைத் தவிர்க்கவேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வரைவதற்கான செயலிகளுள், கிரிட்டா என்பது இலவசம். கணினியிலும் ஆண்ட்ராய்டு பலகைகளிலும் இயங்கும், ஐபேடில் இல்லை. அதில் நமக்கென்றே அமைந்ததுபோல் ஒரு வசதி உண்டு. சித்திரத்தின் வலப்புற ஓரத்தைத் தாண்டிக் கோடு இழுத்தால், அது இடப்புறத்தில் வந்து தொடரும். மேலே போனது கீழே வரும். கொடி கரை முழுவதும் தையல் தெரியாமல் தொடரவேண்டுமானால் இதைவிட வேறென்ன வேண்டும்? நிற எண்ணிக்கையைக் குறைக்கக் கணினியில் கிம்ப் என்னும் இலவசச் செயலி உதவும். ஐபேடில் ப்ரோகிரியேட் என்பதை ஒரே முறை விலை கொடுத்து வாங்கிவிடலாம். மாதச் சந்தா கேட்கும் செயலிகளைச் சங்கம் நாடாதிருப்பது நன்று. சந்தா நின்ற மாதத்தில் சித்திரமும் நின்றுபோகும்.

பயிரிடும் அங்கத்தினர்கள் தமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நிலத்தின் புல வரைபடத்தை அரசின் இணையச் சேவை வழியே எடுத்து, அதன்மேல் மற்றோர் அடுக்கில் கிணறு, குழாய், வாய்க்கால், தென்னை வரிசை ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அடியிலுள்ள படம் கெடாது. ஆண்டுதோறும் புது அடுக்கில் என்ன பயிர் என்று எழுதலாம். இதற்கென்று தனியே வாங்கவேண்டாம்; சங்கத்தின் பலகையை மாதம் ஒரு நாள் கேட்டுப் பெறுவது போதும்.

இனி, நாம் மிகவும் முக்கியமாகக் கருதும் விஷயம். கட்டத்தாள் ஒரே ஒரு பிரதி. அதனைப் பெட்டியில் பூட்டி வைத்தோம். பலகையில் வரைந்ததோ ஒரு விரல் தட்டலில் ஊர் கடந்து போகும். நம் சித்திரத்தை மாதிரி பார்க்கக் கேட்ட வியாபாரி, அதனை விசைத்தறிக்குக் கொடுத்து, நாம் முதல் சேலையை அறுக்குமுன் சந்தையில் இறக்கிவிட்டால், நம் நெசவாளரின் கூலிக்கு யார் பொறுப்பு?

2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி, புதிய துணிச் சித்திரத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். உரிமை முதலில் 10 ஆண்டு. பின்னர் மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பத்தைக் கிண்டியில் பெருந்தெருமேல் உள்ள அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்திலேயே கொடுக்கலாம். ஆனால் விண்ணப்பிக்குமுன் சித்திரம் வெளியாகிவிட்டால், அது புதிது என்னும் தகுதியை இழந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் “எப்படி இருக்கிறது?” என்று எல்லோருக்கும் போட்டுவிட்டுப் பிறகு பதிவுக்குப் போவது, நெல்லைக் கொட்டிவிட்டுச் சாக்கைத் தைப்பது போன்றது. நம்பிக்கையின் பேரில் ஒருவருக்கு மட்டும் இரகசியமாகக் காட்டுவதும், புதுத் துணிச் சித்திரத்துக்கு முதல் ஆர்டரை இரகசியமாகப் பெறுவதும் வெளியீடு ஆகா என்று அச்சட்டமே விலக்கு அளிக்கிறது. எனவே, மாதிரி காட்டும்போது “இது இரகசியம், பதிவுக்கு உரியது” என்று எழுத்தில் வாங்கிக்கொள்க. அன்னமும் உருத்திராட்சமும் போன்ற பழஞ்சித்திரங்களை எவரும் தமதென்று பதிவு செய்ய இயலாது. புதிதாய் அமைத்ததற்கே இவ்வுரிமை.

உரியவர் யார் என்பதையும் முன்னமே தீர்த்துக்கொள்ளவேண்டும். கூலி கொடுத்துப் பிறர்க்காக வரையச் செய்த சித்திரத்துக்கு, கூலி கொடுத்து வரையச் செய்தவரே உரிமையாளர் என்பது சட்டம். ஆகவே, சங்கம் பணம் கொடுத்தால் சித்திரம் சங்கத்தினுடையது. ஆயினும் வரைந்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பதும், அச்சித்திரம் பல பருவம் ஓடினால் அவருக்கும் ஒரு பங்கு சேரவேண்டும் என்பதும் நம் அபிப்பிராயம். இல்லையேல் நல்ல கை வெளியே போய்விடும். இதனை நிர்வாகக் குழுவின் தீர்மானமாக எழுதியபின் பலகையை வாங்குக. வாங்கியபின் எழுதலாம் என்று விட்டால் எழுதப்படாமலே போகும்.

பலகை யார் பொறுப்பில் இருக்கும், இரவில் எங்கே பூட்டப்படும், கடவுச்சொல் எந்த இருவருக்குத் தெரியும் என்பவை அதே தீர்மானத்தில் இடம்பெறட்டும். ரசீது சங்கத்தின் பெயரிலும் அதன் வரி எண்ணிலும் இருக்கவேண்டும். பொருள் இருப்புப் பதிவேட்டில் பலகைக்கு ஒரு வரியும், பேனாவுக்கு வேறொரு வரியும் எழுதுக; காணாமல் போவது பெரும்பாலும் பேனாவே.

சித்திரத்தைச் சேமிக்கும்போது பி.என்.ஜி. அல்லது பி.எம்.பி. வடிவில் சேமிக்க, ஜே.பி.ஜி. வேண்டாம். ஜே.பி.ஜி. இடத்தைச் சுருக்குவதற்காக ஓரங்களில் வேண்டாத நிறங்களைத் தூவிவிடும். அட்டை குத்துபவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாயின் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புக. புகைப்படமாக அனுப்பினால் வழியிலேயே அது சுருக்கப்பட்டுக் கட்டங்கள் குலைந்துவிடும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எல்லாச் சித்திரங்களையும் அலுவலகக் கணினியில் ஒரு பிரதியும், தனி நினைவுக் கருவியில் ஒரு பிரதியும் எடுத்து, அந்தக் கருவியைச் சங்கத்தின் பணப்பெட்டியில் வைத்துப் பூட்டுக.